மாப்பிள்ளை திரும்பிய வழி: சுசீந்திரத்திலிருந்து குமரி முனைக்குக் குழுவாக நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுசீந்திரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வழியில் நடந்த முதல் கூட்டம் எது என்று தெரியும். அது ஒரு கல்யாணக் கூட்டம். குமரி முனையில் தவமிருந்த கன்னியைக் கைப்பிடிக்கச் சுசீந்திரத்துச் சிவனான தாணுமூர்த்தி நள்ளிரவில் பரிவாரத்தோடு புறப்பட்டார். விடிவதற்குள் முகூர்த்தம். வழுக்கம்பாறை வந்தபோது சேவல் கூவியது. உண்மையில் கூவியது நாரதர். பாணாசுரனை ஒரு கன்னிதான் கொல்ல முடியும் என்பதால் இந்தத் திருமணம் நடக்கக் கூடாது என்று தேவர்கள் செய்த ஏற்பாடு அது. முகூர்த்தம் தப்பியது என்று மாப்பிள்ளை திரும்பிவிட்டார். ஆக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிப் போயின. குமரிக் கடற்கரையில் சிவப்பும் கறுப்புமாக மணல் கிடப்பதற்கு எங்கள் பாட்டிமார் சொன்ன காரணம் இதுதான். பள்ளிக்கூடத்தில் சிவப்புக்குக் கார்னெட் என்றும் கறுப்புக்கு இல்மனைட் என்றும் படித்தோம். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்த மணலில் நடக்கிறோம்.

மாப்பிள்ளை பாதியில் விட்ட அந்த வழியை நானும் நண்பர்களும் சில ஆண்டுகளாகத் தை மாதத்தில் நடந்து முடிக்கிறோம். நெடுஞ்சாலையில் நேராகப் போவதில்லை. சுவாமிதோப்பு, தாமரைக்குளம், கீழமணக்குடி என்று கடலுக்கு இறங்கி, கோவளம் வழியாகக் கரையோரமாகவே முனைக்குப் போகிறோம். எங்கே வளைகிறோம், எங்கே நேராகப் போகிறோம் என்பதைப் பொறுத்து 15 முதல் 18 கிலோமீட்டர் வரும். மலையேறிப் பழக்கமில்லாதவரும் ஒரே நாளில் நடந்துவிடலாம். ஆனால் பாதி வழி மணலும் பாறையும் கடலும். எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எத்தனை பேர், யார் முன்னே, யார் பின்னே

எட்டுப் பேருக்குக் குறையாமல், பதினைந்து பேருக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தைத் தாண்டினால் ரோட்டில் வரிசை நீண்டு, முன்னால் போகிறவர் சொல்வது பின்னால் கேட்காது. வழி தெரிந்த ஒருவர் முன்னால் நடக்கட்டும். அவரைவிட முக்கியமானவர் கடைசியில் நடப்பவர். நிதானமும் உடல்பலமும் உள்ள, முதலுதவிப் பையைத் தூக்க முன்வருகிற ஒருவரைக் கடைசி ஆளாக வையுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அது மட்டும்தான் அவர் வேலை.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். முதல் வருடம் கடைசி ஆள் என்று யாரும் இல்லை. இளைஞர்கள் வேகம் பிடித்தார்கள், நாங்களும் பேச்சு சுவாரசியத்தில் பின்னாலேயே ஓடினோம். தாமரைக்குளம் தாண்டித் திரும்பிப் பார்த்தால் எங்களோடு வந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்காவைக் காணவில்லை. திரும்பி நடந்து தேடியபோது ஒரு பனைமூட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் கிளம்பி, உடைந்து, சாக்ஸோடு ஒட்டியிருந்தது. "ஏன்க்கா போன் பண்ணல்ல?" என்று கேட்டேன். "எனக்காவ எல்லாரும் நிக்கப்பிடாதுல்லா மக்களே" என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்றிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரே சட்டம்: கடைசியில் நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். முன்னால் போகிறவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பக் கூடாது. முன்னால் வந்தவர்கள் இளைப்பாறியாயிற்று, பின்னால் வந்தவருக்கும் அதே அளவு நேரம் வேண்டும். பல குழுக்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, நிற்கும் இடத்திலெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு எண் வரவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

2. எந்த மாதம்

தைப் பொங்கல் கழிந்து மாசி பாதி வரை. என் தீர்ப்பு இதுதான், வேறு மாதம் நான் யாருக்கும் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. கார்த்திகை முதல் தை முதல் தேதி வரை ஐயப்ப பக்தர்களால் குமரியில் கால் வைக்க இடமிருக்காது. மார்கழித் திருவிழாவில் சுசீந்திரமே நிரம்பி வழியும். தை அமாவாசைக்கு முனையில் தர்ப்பணக் கூட்டம், அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிடுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், கடலும் கொந்தளிப்பாக இருக்கும்.

சித்ரா பௌர்ணமி அன்று முனையில் சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று பலர் அந்த நாளைக் கேட்பார்கள். பார்க்க வேண்டியதுதான். பஸ்ஸில் வந்து பாருங்கள். சித்திரை, வைகாசியில் இந்தக் கரையில் நடப்பது நல்லதல்ல. காரணத்தைக் கடலோரப் பகுதியில் சொல்கிறேன்.

டிசம்பர் 26 அன்றும் வேண்டாம். 2004இல் சுனாமி வந்த நாள் அது. கரையோர ஊர்களில் அன்று நினைவுத் திருப்பலியும் கல்லறை மந்திரிப்பும் நடக்கும். அவர்கள் துக்கத்துக்கு நடுவே நாம் தொப்பி போட்டுக்கொண்டு நடந்து போகக் கூடாது.

3. மூன்று வாரம் முன்பே

முதல் வாரம் தேரூர்க் குளக்கரையில் நடங்கள். கவிமணி பிறந்த ஊர். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் சேர்ந்த ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அதாவது உலக அளவில் காக்கப்பட வேண்டிய நீர்நிலை. காலை ஆறரைக்குப் போனால் தாமரை இலைமேல் இலைக்கோழி நடப்பதைப் பார்க்கலாம். அதன் கால்விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். பாரத்தை இலை முழுக்கப் பரப்பிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. மணலில் நாம் நடக்க வேண்டிய முறையும் அதுதான், குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் பதித்து.

இரண்டாவது வாரம் பொற்றையடியிலிருந்து மருந்துவாழ்மலை ஏறுங்கள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் விழுந்த துண்டு என்பார்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது. உச்சிப் பக்கம் நின்றால் நீங்கள் நடக்கப் போகிற வழி முழுவதும், தென்னந்தோப்பு, உப்பளம், கடல் என்று, விரித்த பாயைப் போலக் கீழே கிடக்கும். குழுவை ஒருமுறை அங்கே கூட்டிப் போய்விட்டால் வரைபடமே தேவைப்படாது.

மூன்றாவது வாரம் சங்குத்துறை மணலில் ஒரு மணி நேரம். ரோட்டில் நடப்பதும் மணலில் நடப்பதும் ஒன்றல்ல என்று கெண்டைக்கால் அன்று இரவு சொல்லும். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமதளத்தில் மணிக்கு 3 மைல், ஏற்றத்துக்குத் தனியே நேரம். அந்தக் கணக்கை நம் கரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புதியவர்கள் உள்ள குழு தார் ரோட்டில் மணிக்கு 4 கிலோமீட்டரும், மணலில் அதில் பாதியும் போனால் நல்ல நடை.

4. காலும் பையும்

புது ஷூ வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு வராதீர்கள். குறைந்தது 30 கிலோமீட்டராவது பழகியிருக்க வேண்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை ஊறவைக்கும், ஊறிய தோல்தான் கொப்புளிக்கும். நைலான் கலந்த சாக்ஸ் இரண்டு ஜோடி, ஒன்று காலில், ஒன்று பையில். குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்த உடனே நின்று, காயவைத்து, ஒட்டு பிளாஸ்டர் போடுங்கள். சூடுதான் முதல் எச்சரிக்கை, கொப்புளம் வந்தபின் செய்வதற்கு அதிகமில்லை. வெறுங்காலில் கரையில் நடக்கலாமே என்று ஆசைப்படுவீர்கள். கறுப்பு மணல் பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல்லாகிவிடும். போதாதற்கு ராவணன் மீசை என்ற ஊசிப்புல் மணல்மேட்டில் பரவிக் கிடக்கும், குத்தினால் முனை உள்ளே முறிந்து நிற்கும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். எல்லாவற்றையும் காலையிலேயே சுமக்க வேண்டாம், பாதியைத் தூக்கிக்கொண்டு மீதியைக் கீழமணக்குடியில் நிரப்பிக்கொள்ளலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. தொப்பியைவிட ஒரு ஈரிழைத் துவர்த்து மேல். தலையில் கட்டலாம், நனைத்துக் கழுத்தில் போடலாம், அவசரத்துக்குக் கைக்கட்டும் ஆகும்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, வாழையிலையை வாட்டிக் கட்டியது. மதியம் வரை கெடாது. கையில் வைத்துத் தின்ன மட்டிப்பழம். விரல் நீளம்தான் இருக்கும், மணத்தால் பையைத் திறக்காமலே தெரிந்துவிடும். குமரி மாவட்ட மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிப்புக்குக் கருப்பட்டித் துண்டு. பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் குழுவில் யார் கையிலும் இருக்கக் கூடாது.

5. காலைப் பாதி: கோயிலிலிருந்து சுவாமிதோப்பு

ஆறு மணிக்குத் தெப்பக்குளத்தருகே கூடுங்கள். தையில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். 134 அடி ராஜகோபுரத்தின் உச்சியில் முதல் வெளிச்சம் படும்போது எண்களைச் சொல்லிக் கிளம்புவது எங்கள் வழக்கம். நெடுஞ்சாலைத் துண்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில் நடங்கள். பேச்செல்லாம் வழுக்கம்பாறையில் வலப்பக்கம் திரும்பிய பிறகு.

நீண்ட நடை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஒவ்வொரு நவராத்திரிக்கும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, பத்மநாபபுரம் சரஸ்வதி மூவரும் திருவனந்தபுரம் வரை ஊர்வலமாகப் போய்த் திரும்புகிறார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தோளுக்குத் தோள் உயரம் பார்த்து ஆள் நிறுத்துவார்கள், ஒருவர் நடை தப்பினால் எல்லோரும் சேர்ந்து மட்டுப்படுத்துவார்கள். குழுநடைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சுவாமிதோப்பில் அரை மணி நேரம் தங்குங்கள். ஐயா வைகுண்டரின் தலைமைப்பதி. சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் ஆண்கள் உள்ளே போக வேண்டும். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அவர் கட்டிவிட்ட தலைப்பாகை அது. கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி. பக்கத்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கட்டும் என்று அவர் தோண்டச் செய்த முத்திரிக்கிணறு. வெளியே வந்ததும் பலர் அந்தத் தலைப்பாகையை அவிழ்ப்பதில்லை, வெயிலுக்கு அப்படியே நடந்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

கழிப்பிடம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்குகிறார்கள். கிளம்பும் இடம், சுவாமிதோப்பு, கீழமணக்குடி, கோவளம், இந்த நான்கிலும் எங்கே வசதி இருக்கிறது, எந்த நேரம் திறந்திருக்கும் என்று ஒரு வாரம் முன்பே ஒருவர் நேரில் போய் விசாரித்து வைக்க வேண்டும். குழுத்தலைவரின் முதல் கடமை அது.

தாமரைக்குளம் வழியில் பனை நிறைய. பனையேறும் காலமாக இருந்தால் அக்கானி கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். இறக்கிய சூட்டோடு காலையில் குடித்தால்தான் அதன் ருசி. ஐயா வைகுண்டர் வழியினரின் புனித நூலான அகிலத்திரட்டை அரிகோபாலன் சீடர் 1841இல் எழுதியது இந்தத் தாமரைக்குளத்தில்தான்.

6. மணக்குடியில் மதியம்

சுசீந்திரத்தைத் தொட்டு வரும் பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. ஆற்றுக்கு மேற்கே மேலமணக்குடி, கிழக்கே கீழமணக்குடி. நடுவில் பொழி. ஆற்றுநீர் குறையும் காலத்தில் கடல் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும், வெள்ளம் வந்தால் முறித்துக்கொண்டு ஓடும். அடைத்துக் கிடக்கும் பொழிமணல் உறுதியாகத்தான் தெரியும். அதன்மேல் குறுக்கே நடக்காதீர்கள். கீழே தண்ணீர் அரித்துக்கொண்டிருப்பது மேலே தெரியாது.

பாலத்தில் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், மறுபக்கம் கடல். 2004இல் இங்கிருந்த பழைய பாலத்தை அலை முறித்துப் போட்டது. கான்கிரீட் பலகைகள் ஆற்றுக்குள் வெகுதூரம் போய் விழுந்து கிடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டு மணக்குடியிலும் வீட்டுக்கு வீடு இழப்பு. அலைக்கு எவ்வளவு பலம் என்று குழுவில் சின்னவர்கள் கேட்டால் நான் வேறெதுவும் சொல்வதில்லை. இந்தப் பாலத்தில் நிறுத்தி அதைச் சொல்வேன்.

குளிர் மாதங்களில் கழிமுகத்திலும் உப்பளங்களிலும் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வெறுங்கண்ணுக்கே தெரியும். பாட்டுப்பெட்டி வேண்டாம், கூவி அழைக்க வேண்டாம். அவை தின்று தேற வேண்டிய நேரம் அது. நாம் ஒருமுறை கிளப்பிவிட்டால் அவ்வளவு பலம் வீணாகிறது.

பதினொன்று முதல் மூன்றரை வரை நடக்காதீர்கள். சாப்பிட்டு, ஷூவைக் கழற்றி, காலை உயர்த்தி வைத்துத் தூங்குங்கள். இந்த நாலரை மணி நேரத்தை வீண் என்று நினைக்கும் குழுக்கள்தான் கோவளத்தில் ஆட்டோ தேடுகின்றன.

7. கடலோரம்: கடலுக்கு உரிய இடத்தைக் கடலுக்கு விடுவது

இனிதான் இந்த வழியின் உயிரான பகுதி. கவனமாகப் படிக்க வேண்டியதும் இதுவே.

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஓதம் ஏறி வழி மறிக்கும் என்ற பயம் பெரிதாக வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறு. மலையாளத்திலும் நம் கரையிலும் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். திருடனைப் போலச் சொல்லாமல் வரும் கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடிக்கும். அங்கே பிறந்த நீள அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் தெளிந்திருக்கும். திடீரென்று கடல் ஏறி வரும். சித்திரை, வைகாசியில் இது அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை இந்த அலைதான் கொண்டுபோனது. நன்றாகப் படித்த, தைரியமான பிள்ளைகள். கடலில் இறங்கியிருந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடலுக்கு முன்னெச்சரிக்கை தருகிறது. முந்தின நாள் இரவும் கிளம்பும் காலையும் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் நடையைத் தள்ளி வையுங்கள், அன்றைக்குக் கோயில் குளத்தைச் சுற்றினால் போதும்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் கரைக்கு இறங்கியதும் பத்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். அலை ஒரே உயரத்தில் வருவதில்லை. சின்னதாகப் பல வந்தபின் பெரியவை சில சேர்ந்து வரும். அந்தப் பெரியது மணலில் எதுவரை ஏறி நனைக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே பத்து எட்டு தள்ளி நடப்பதுதான் நம் பாதை. நனைந்த மணல் கெட்டியாக இருக்கும், நடக்கச் சுகமாக இருக்கும், மனம் அங்கேயே இழுக்கும். விட்டுவிடுங்கள். அடம்பங்கொடி படர்ந்திருக்கும் மேட்டோரத்தில் மணல் ஓரளவு கட்டுப்பட்டிருக்கும். கொடியை மிதிக்காமல் அதன் ஓரமாக நடக்கலாம்.

பாறைக்கு ஒரே ஒரு விதி. நனைந்த பாறையில் ஏறாதீர்கள். வெயில் காயும் நேரத்தில் ஒரு பாறை நனைந்திருந்தால் சற்று முன் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பச்சைப் பாசி இருந்தால் அலை அடிக்கடி வரும் இடம். முட்டத்துப் பாறைகளைச் சினிமாவில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். 'அலைகள் ஓய்வதில்லை' 1981இல், 'கடலோரக் கவிதைகள்' 1986இல். அந்தப் பாறை நுனியில் நின்று படம் எடுக்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஒரு வருடம் எங்கள் குழுவில் இரண்டு பேர் கோவளம் பக்கம் அப்படி ஒரு பாறைக்கு ஏறப் போனார்கள். கரையில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தினார்.

"எங்க போறிய மக்களே?"

"சும்மா ஒரு போட்டோ, தாத்தா."

"அது கடலுக்க எடம். இங்கன நின்னு எடுங்க."

சத்தம் போடவில்லை. மறுபடி வலைக்குக் குனிந்துவிட்டார். இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். பத்து நிமிடம் கழித்து அந்தப் பாறையின் மேல் ஒரு அலை முழுதாக ஏறி, மறுபக்கம் வெள்ளையாக வழிந்து இறங்கியது. நாங்கள் நின்று பார்த்தோம். யாரும் எதுவும் பேசவில்லை.

கடலில் இறங்கிக் குளிப்பதை இந்த நடையில் சேர்க்காதீர்கள். வியர்த்து, களைத்து, கால் சோர்ந்த உடம்போடு இறங்கினால் இழுவையை எதிர்க்கப் பலம் இருக்காது. யாராவது இழுபட்டால் பின்னால் குதிக்கவும் கூடாது. கயிறு, காலி கேன், மிதக்கும் எதுவானாலும் எறியுங்கள், மீனவர்களைச் சத்தம் போட்டு அழையுங்கள், 1093க்குப் பேசுங்கள், கடலோரக் காவல் எண் அது.

8. கரை ஒரு வீட்டு முற்றம்

கீழமணக்குடியும் கோவளமும் சுற்றுலாக் கரைகள் அல்ல. வள்ளம் நிற்கும் இடம் மீனவர்களின் பட்டறை, வலை காயும் மணல் அவர்கள் முற்றம். விரித்திருக்கும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். ஷூவின் கொக்கி ஒரு கண்ணியில் மாட்டினால் அவர்களுக்கு அரைநாள் வேலை. கரைமடி இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றுக்குக் குறுக்கே போகாமல் நின்று கொள்ளுங்கள், கை கொடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். கருவாடு காயப்போட்டிருக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குருசடி முன்னால் செருப்போடு உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள், காலையில் பூசை. அவர்களுடைய அந்த நாளைக் கெடுக்காமல் இருக்க, நடைக்குச் சனிக்கிழமை நல்லது. முந்தின வாரமே ஒருவர் போய் ஊர்க் கமிட்டியிலோ பங்குத் தந்தையிடமோ, இன்ன நாள் இத்தனை பேர் நடந்து போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் எல்லாமே மாறிவிடும். எங்கே தண்ணீர் நல்லது, எந்த இடத்தில் கரை அரித்திருக்கிறது, அன்றைக்கு நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத செய்தி அது. தூண்டில் வளைவுக் கற்கள் போட்டிருக்கும் இடங்களில் கரையே இருக்காது, ஊருக்குள் ஏறி நடக்க வேண்டும். அப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போங்கள்.

9. ஒருவருக்கு முடியவில்லை என்றால்

அறிகுறி முதலில் பேச்சில் தெரியும். கலகலவென்று வந்தவர் பேச்சை நிறுத்தினால் கடைசி ஆள் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்றால் நிழலில் உட்காரவைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் அவர் நடை அத்தோடு முடிந்தது. வாய் குழறினாலோ வியர்வை நின்று தோல் கொதித்தாலோ காத்திருக்காதீர்கள், 108. மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது.

வழி நெடுக ரோடு பக்கத்திலேயே ஓடுகிறது, பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. நடுவில் விலகுவதை எளிதாக்கி வைப்பது நல்ல குழுவின் அடையாளம். கிளம்பும்போதே, "யார் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், ஒருவர் கூடவே போவார்" என்று சொல்லிவிடுங்கள். முதல் வருடம் பனைமூட்டில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா இப்போது ஒவ்வொரு வருடமும் எங்களோடு வருகிறார்கள். இரண்டு முறை கோவளத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது முறை முழுதும் நடந்தார்கள்.

10. முனை

கோவளம் தாண்டியதும் வெயில் சாயத் தொடங்கும். கடல் வலப்பக்கம், சூரியன் முதுகுக்குப் பின்னால் சரிந்துகொண்டிருக்கும், உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு நடக்கும். அடிக்கடி திரும்பிப் பார்ப்பீர்கள். சூரியன் கடலில் இறங்குவதை நின்று பார்க்கக் கோவளம் ரோட்டோரம் நல்ல இடம். தையில் ஆறே காலுக்கு முன் அங்கே இருக்க வேண்டும். அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் மணக்குடியில் மூன்றரைக்கு எழுந்திருக்கச் சொன்னேன்.

இருட்டத் தொடங்கும்போது முனைக்கு வருவீர்கள். விவேகானந்தர் பாறை, 133 அடியில் வள்ளுவர், இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், எல்லாவற்றிலும் விளக்கு எரியும். கூட்டம் நெருக்கும். நடையில் இல்லாத கவனக்குறைவு இங்கேதான் வரும், ஆகவே கடைசியாக ஒருமுறை எண்களைச் சொல்லுங்கள். பிறகு அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், சுக்குக் காப்பி குடிக்கிறவர்கள் குடிக்கட்டும்.

ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு பிடி மணல் கொட்டும். சிவப்பு, கறுப்பு, அரிசிக் குருணை போல வெள்ளை. எங்கள் அக்கா அதைக் கீழே தட்டிவிடாமல் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டார்கள். நாகர்கோவில் பஸ் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் சுசீந்திரம். நடுவில் வழுக்கம்பாறை நிறுத்தம் வரும். அதற்குள் பாதிப்பேர் தூங்கிவிட்டிருப்பார்கள். இறங்க வேண்டியவர்களைக் கடைசி ஆள் தட்டி எழுப்பட்டும்.